நிர்வாகி உரிமை இல்லாத கணினியில் வீடியோ டிவிடி எழுதும் முறை

கீழக்கரை, தொண்டி, பாம்பன் போன்ற கடலோர ஊர்களில், கல்யாண வீடியோவையும் திருவிழாப் பதிவையும் டிவிடியில் போட்டுத் தரும்படி கேட்கும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் நமக்குக் கிடைக்கும் கணினி பெரும்பாலும் கல்லூரி ஆய்வகத்தினுடையதாகவோ அலுவலகத்தினுடையதாகவோ இருப்பதால், மென்பொருள் நிறுவத் தொடங்கியதும் அது நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கிறது. அங்கேயே பலர் முயற்சியைக் கைவிட்டுவிடுகிறார்கள்.

அந்தக் கடவுச்சொல் மென்பொருளை நிறுவுவதற்குத்தான் வேண்டும். வட்டில் எழுதுவதற்கு வேண்டியதில்லை. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் வெளி நிறுவனங்களின் எழுதும் மென்பொருள்கள் பல சாதாரணப் பயனர் கணக்கில் இயங்க மறுத்ததால் இந்தக் குழப்பம் நிலைத்துவிட்டது. விண்டோஸ் 7 முதல், ஐஎஸ்ஓ கோப்பை (ஒரு வட்டின் முழு உள்ளடக்கத்தையும் ஒரே கோப்பாக அடக்கியது) வட்டில் எழுதும் வசதி விண்டோஸிலேயே இருக்கிறது. ஆகவே வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்வோம்: நிறுவத் தேவையில்லாத ஒரு மென்பொருளால் ஐஎஸ்ஓ கோப்பை உருவாக்குவது முதல் பாதி, விண்டோஸைக் கொண்டே அதை எழுதுவது இரண்டாம் பாதி.

முதலில், டிவிடிஸ்டைலர் என்ற இலவச மென்பொருளின் போர்ட்டபிள் பதிப்பை, அதாவது நிறுவாமலே இயங்கும் பதிப்பை, பென் டிரைவில் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். அதைத் திறந்து புதிய திட்டம் தொடங்கும்போது, வட்டின் கொள்ளளவு 4.7 ஜிபி என்றும் வீடியோ வடிவம் பால் (PAL) என்றும் தேர்ந்தெடுக்க வேண்டும். நம் நாட்டுத் தொலைக்காட்சி முறை பால் என்பதால், 720க்கு 576 அளவும் நொடிக்கு 25 படங்களும் நம் வீட்டுப் பிளேயர்களுக்குப் பொருந்தும். பிறகு வீடியோ கோப்புகளைக் கீழ்ப்பகுதியில் இழுத்து விடுங்கள். சாதாரண எம்பி4 கோப்பை அப்படியே வட்டில் நகலெடுத்தால் பழைய பிளேயர் அதைப் படிக்காது. இந்த மென்பொருள் அதை டிவிடி பிளேயர்கள் படிக்கும் எம்பெக்-2 வடிவத்துக்கு மாற்றி, வீடியோ_டிஎஸ் (VIDEO_TS) என்ற கோப்புறைக்குள் முறைப்படி அடுக்கித் தருகிறது. ஒரு வட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அடைக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அதற்கு மேல் போனால் படம் கட்டம் கட்டமாகச் சிதறும், மணமக்களின் முகமே தெளிவாகத் தெரியாது.

எல்லாம் சேர்த்த பின் பர்ன் பொத்தானை அழுத்தி, வரும் பெட்டியில் ஐஎஸ்ஓ உருவாக்கும் தேர்வை எடுங்கள். கோப்பைப் பென் டிரைவில் அல்லாமல் உங்கள் டாக்குமென்ட்ஸ் கோப்புறையில் சேமிப்பதே நல்லது. ஏனெனில் ஃபேட்32 (FAT32) என்ற கோப்பு முறையில் உள்ள பென் டிரைவ் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்காது. இடையில் உருவாகும் தற்காலிகக் கோப்புகளுக்கும் இடம் வேண்டும் என்பதால், வன்தட்டில் 10 ஜிபி காலியாக இருக்கட்டும்.

அடுத்து, ஒருமுறை மட்டும் எழுதக்கூடிய வெற்று டிவிடி-ஆர் வட்டைச் செருகுங்கள். மடிக்கணினியில் டிரைவ் இல்லையென்றால் யூஎஸ்பி டிவிடி ரைட்டரை இணைத்தால் போதும். ஐஎஸ்ஓ கோப்பின் மீது வலது கிளிக் செய்து ‘பர்ன் டிஸ்க் இமேஜ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் 11-இல் அது தென்படாவிட்டால் ‘ஷோ மோர் ஆப்ஷன்ஸ்’ என்பதைத் திறந்து பாருங்கள். எழுதிய பின் வட்டைச் சரிபார்க்கும் தேர்வில் மறக்காமல் டிக் இட்டு, பர்ன் பொத்தானை அழுத்துங்கள். எழுதும் நேரத்தில் மின்சாரம் போனால் வட்டு வீணாகிவிடும் என்பதால், யூபிஎஸ் அல்லது சார்ஜ் உள்ள மடிக்கணினி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

பென் டிரைவிலிருந்து நிரல்களை இயக்குவதையோ வட்டில் எழுதுவதையோ சில நிறுவனங்கள் கொள்கையாகவே தடுத்திருக்கும். அத்தகைய தடையை உடைக்க முயலாமல், பொறுப்பாளரிடம் அனுமதி கேளுங்கள். அல்லது ஐஎஸ்ஓவை மட்டும் எடுத்துக்கொண்டு வேறு கணினியில் எழுதுங்கள்.

மண்டபம், பாம்பன் பக்கம் கச்சான் காற்றோடு மணலும் உப்பும் வீட்டுக்குள் வருவதால், வெற்று வட்டுகளை மூடிய பெட்டியில் வையுங்கள். எழுதி முடித்த வட்டை, அதைக் கேட்டவர் வீட்டின் பிளேயரில் போட்டு முதல் சில நிமிடங்களையும் கடைசிச் சில நிமிடங்களையும் பார்த்துவிட்டு, வட்டுகளுக்கான மார்க்கர் பேனாவால் மேல்பக்கத்தில் பெயரும் தேதியும் எழுதுங்கள். காகித ஒட்டி வேண்டாம்; சுழலும்போது அது வட்டின் சமநிலையைக் கெடுக்கும்.