மலைச்சரிவில் திசை ஆன்டெனாவைச் சோதிக்கும் முறை

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்து ஊர்களில், ஒரு சரிவில் இருக்கும் இணைய இணைப்பை எதிர்ச்சரிவிலுள்ள பள்ளிக்கோ தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளுக்கோ வைஃபை வழியாகக் கொண்டுபோக விரும்புகிறவர்கள், ஒரு திசையில் மட்டும் கூர்மையாகக் கேட்கும் திசை ஆன்டெனாவைக் கூரையில் ஏற்றிக் கட்டுவதற்கு முன்பே தரையில் வைத்துச் சோதித்துவிட வேண்டும். அது எந்தத் திசையில் எவ்வளவு கேட்கிறது, சுற்றிலும் எந்தெந்த வலைப்பின்னல்கள் எந்தச் சேனலில் இயங்குகின்றன என்ற இரண்டையும் ஒரு காலைப்பொழுதில் தெரிந்துகொள்ளலாம். ஓர் ஆன்டெனாவைத் தனியாக அளந்து பெறும் எண்ணுக்குப் பொருள் கிடையாது. அதே இடத்தில், அதே நேரத்தில், தன்மை தெரிந்த இன்னோர் ஆன்டெனாவோடு ஒப்பிடும்போதுதான் அது அளவீடாகிறது.

ஆன்டெனா ஒரு திசையில் அலையை எவ்வளவு கூட்டித் தரும் என்று விற்பவர் அச்சிட்டிருக்கும் எண்ணை அப்படியே நம்ப வேண்டியதில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12.5 செ.மீ. இந்த அதிர்வெண்ணில் 60 செ.மீ. குறுக்களவுள்ள நல்ல வட்டத்தட்டு ஆன்டெனா ஏறத்தாழ 21 டிபிஐ தரும் (எல்லாத் திசையிலும் சமமாகப் பரப்பும் ஆன்டெனாவைவிட எத்தனை டெசிபல் கூடுதல் என்பதே டிபிஐ; டெசிபல் என்பது வலிமையை ஒப்பிடும் அளவு, 3 டெசிபல் ஏறத்தாழ இரு மடங்கு). அப்படியிருக்க, உள்ளங்கை அளவுள்ள பலகை ஒன்று 24 டிபிஐ தரும் என்று எழுதியிருந்தால் அது நடக்காத காரியம். அலைநீளத்தோடு ஒப்பிட ஆன்டெனா எவ்வளவு பெரியதோ, அவ்வளவுக்கு அதன் பார்வை குறுகிக் கூர்மையாகும். உதகைக்கு அருகே முத்தோரையில் 1970 முதல் இயங்கும் வானொலித் தொலைநோக்கி 530 மீட்டர் நீளம் கொண்டிருப்பதும் இதே காரணத்தால்தான். (அதன் அருகில் மட்டும் எந்த ரேடியோ சோதனையும் செய்யாதீர்கள், மிக மெல்லிய வான் அலைகளைக் கேட்கும் இடம் அது.)

அலையை அனுப்பும் மூலம் உங்களுடைய சொந்த ரவுட்டராக இருக்கட்டும். அதன் சேனலை 1, 6, 11 ஆகியவற்றில் ஒன்றில் நிறுத்தி, தானாகச் சேனல் மாறும் வசதியையும் தானாகத் திறன் குறைக்கும் வசதியையும் அணைத்துவிட்டு, பள்ளத்தாக்கின் மறுபுறம் நேர்ப்பார்வையில் வையுங்கள். சமவெளியில் 500 மீட்டர் தொலைவுக்குச் சோதிக்க இருபுறமும் உயரமான கம்பம் தேவைப்படும், ஏனெனில் நடுவழியில் நேர்கோட்டைச் சுற்றி ஏறத்தாழ 4 மீட்டர் ஆரத்துக்கு அலை பரவுகிறது, அதில் பெரும்பகுதி தடையின்றி இருக்க வேண்டும். மலையில் பள்ளத்தாக்கே அந்த இடைவெளியைத் தந்துவிடுகிறது. சில்வர் ஓக் மரங்கள் குறுக்கே வராத இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். மூடுபனியால் இந்த அலைக்குச் சொல்லத்தக்க இழப்பு இல்லை. நனைந்த இலைகள்தான் அலையை உறிஞ்சுகின்றன. ஆகையால் மழை விட்டு இலை காய்ந்த, காற்றடிக்காத காலை நேரமே ஏற்றது.

கேட்கும் பக்கத்தில், ஆன்டெனாவைக் கழற்றி மாட்டக்கூடிய யூஎஸ்பி வைஃபை அடாப்டரும் மடிக்கணினியும் போதும். கைப்பேசி செயலிகள் வசதியானவையாகத் தோன்றினாலும், ஆண்ட்ராய்டு 9 முதல் ஒரு செயலி 2 நிமிடத்துக்கு 4 முறைதான் தேட முடியும் என்பதால் இந்த வேலைக்கு அவை உதவா. ஆன்டெனாவை அடாப்டரோடு இணைக்கும் மெல்லிய கோஆக்சியல் கேபிள் மீட்டருக்கு ஏறத்தாழ 1 டெசிபலை விழுங்கிவிடும். எனவே அடாப்டரை ஆன்டெனாவின் அடியிலேயே கட்டி, அங்கிருந்து யூஎஸ்பி கேபிளைக் கொண்டுவருவதே சிறந்தது. மாட்டும் முன் இணைப்பானின் உள்ளே பாருங்கள். எஸ்எம்ஏ, ஆர்பி-எஸ்எம்ஏ என்ற இருவகையும் ஒன்றோடொன்று மரையில் சரியாக ஏறிவிடும். ஆனால் நடுவில் துளையும் துளையும் எதிரெதிரே நின்றால் தொடர்பே இராது, ஊசியும் ஊசியும் மோதினால் இணைப்பான் கெட்டுப்போகும். நல்ல ஆன்டெனா பலவும் பயனற்றவை என்று ஒதுக்கப்படுவது இந்த இடத்தில்தான்.

முதலில் அடாப்டருடன் வந்த சிறு குச்சி ஆன்டெனாவை, ஏறத்தாழ 2 டிபிஐ உள்ளதை, மாட்டி அளவெடுங்கள். 500 மீட்டரில் திறந்தவெளி இழப்பு, அதாவது தடையில்லாத வெளியில் அலை பரவுவதால் மட்டும் நேரும் குறைவு, 94 டெசிபல். ரவுட்டர் தன் ஆன்டெனாவையும் சேர்த்து 20 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபல் அளவு) அனுப்பினால், குச்சியில் 20 - 94 + 2, அதாவது -72 டிபிஎம் வர வேண்டும். அதே இடத்தில் 14 டிபிஐ யாகியை (ஒரு தண்டில் குறுக்குக் கம்பிகள் வரிசையாக நிற்கும் திசை ஆன்டெனாவை) வைத்தால் -60, அதாவது 12 டெசிபல் கூடுதல். அடாப்டர் காட்டும் எண்கள் துல்லியமானவை அல்ல, ஆனால் ஒரே அடாப்டரில் பார்க்கும் வித்தியாசம் நம்பத்தக்கது. ஒவ்வொரு நிலையிலும் முப்பது அளவுகளாவது எடுத்து, அவற்றை வரிசைப்படுத்தி நடுவில் வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். யாகியை அளந்து முடித்ததும் குச்சியை மறுபடி மாட்டிப் பாருங்கள். அதன் எண் மாறியிருந்தால், இடையில் ஏதோ மாறிவிட்டது என்று கொண்டு எல்லாவற்றையும் மீண்டும் அளக்க வேண்டும்.

அடுத்து, பாகை குறித்த ஒட்டுப்பலகை வட்டத்தின் மேல் ஆன்டெனாவைப் பொருத்தி, 10 பாகைக்கு ஒருமுறை திருப்பி அளவெடுங்கள். உச்சத்திலிருந்து இருபுறமும் 3 டெசிபல் குறையும் இடங்களுக்கு இடைப்பட்ட கோணமே கற்றை அகலம். நேர் முன்புறத்துக்கும் பின்புறத்துக்கும் உள்ள வேறுபாடு, பின்னாலிருந்து வரும் இரைச்சலை அது எவ்வளவு தடுக்கிறது என்பதைச் சொல்லும். மூலத்துக்கு மிக அருகில் இதைச் செய்தால் அடாப்டர் திணறி, எல்லாத் திசையிலும் ஒரே அளவைக் காட்டும். யாகியின் கம்பிகள் ரவுட்டரின் ஆன்டெனாவைப் போலவே செங்குத்தாக நிற்க வேண்டும். படுக்கையாகத் திருப்பினால் 20 டெசிபல் வரை போய்விடலாம். உடலும் அலையைத் தடுக்கும் என்பதால், அளவெடுப்பவர் எப்போதும் ஆன்டெனாவுக்குப் பின்னாலேயே நிற்க வேண்டும்.

இவ்வளவும் முடிந்த பிறகே சுற்றிலும் உள்ள வலைப்பின்னல்களைத் தேடுங்கள். வைஃபை நிலையம் ஒவ்வொன்றும் வழக்கமாக நொடிக்குப் பத்து முறை ஒலிபரப்பும் அறிவிப்பைக் கேட்டு, சேனலையும் வலிமையையும் குறிப்பதோடு நின்றுவிட வேண்டும். பிறருடைய வலைப்பின்னலில் அனுமதியின்றி நுழைவது 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி குற்றம். திசையைக் கணிக்க உச்சத்தைத் தேடாதீர்கள், அது தட்டையாக இருக்கும். இருபுறமும் ஒரே அளவு குறையும் இரு கோணங்களைக் கண்டு அவற்றின் நடுவை எடுங்கள். தேயிலைத் தொழிற்சாலையின் தகரக் கூரையில் பட்டுத் திரும்பும் அலை, மூலமே இல்லாத இடத்தைக் காட்டக்கூடும். ஆகவே சற்றுத் தள்ளி வேறு இரண்டு இடங்களிலிருந்தும் திசையெடுத்து வரைபடத்தில் கோடிடுங்கள். மூன்று கோடுகளும் ஒரே பகுதியில் கூடாவிட்டால், அவற்றில் ஒன்றாவது எதிரொளிப்பு என்று கொண்டு, இடத்தை மாற்றி மறுபடி அளக்க வேண்டும்.