டயர் தடத்திலிருந்து வேகம்: கூட்டும்போது கவனம்

விபத்து நடந்த இடத்தில் பிரேக் தடம் இருக்கிறதா? 254, உராய்வுக் கெழு (சாலை டயரை எவ்வளவு பிடிக்கிறது என்பதைக் காட்டும் எண்), தடத்தின் நீளம் (மீட்டரில்) மூன்றையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால், வேகம் மணிக்கு கி.மீ. கணக்கில் வரும். சமதளம், எல்லாச் சக்கரங்களும் பூட்டிக்கொண்டு சறுக்கியவை என்று வைத்துக்கொள்கிறோம். காய்ந்த தார்ச்சாலையில் கெழு சுமார் 0.7, தடம் 20 மீட்டர் என்றால் கிட்டத்தட்ட 60 கி.மீ.

ஆனால் இது குறைந்தபட்ச வேகம்தான். தடம் முடியும் இடத்தில் வண்டி 40 கி.மீ. வேகத்தில் மோதியிருந்தால், இரண்டையும் கூட்டி 100 என்று தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். ஓட்டியவர் மேல் செய்யாத பழி விழும். தனித்தனியாக வர்க்கப்படுத்திக் கூட்டி, அப்புறம் வர்க்கமூலம் எடுங்கள். விடை சுமார் 72.

ஈரச் சாலையில் கெழு குறையும். கையேட்டு எண்ணைவிட, அதே சாலையில் அளந்ததே மேல்.