எதிரில் நிற்பவரைக் குறிபார்த்து அடியுங்கள்

போன மாதம் ஒரு சாயங்காலம் மொட்டை மாடியில் கராத்தே ஜோடிப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. பச்சை பெல்ட் பையன் ஒருவன் முகத்துக்குக் குத்த, எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி தடுத்துக்கொண்டிருந்தாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. பிளாக் நன்றாக உயர்ந்தது, கியாய் என்கிற கத்தல் தெருமுனை வரை கேட்டது. ஆனாலும் எனக்கு ஏதோ உறுத்தியது. "பாப்பா, இந்தத் தடவை தடுக்காதே. கையைத் தொங்கவிட்டு அப்படியே நில்" என்றேன். அவள் கண்ணை இறுக்கிக்கொண்டு நின்றாள். பையன் பாய்ந்து வந்து குத்தினான். முஷ்டி அவளுடைய இடது காதுக்கு நாலு விரல் தள்ளிப் போய் நின்றது.

மூன்று வாரமாக அவள் தடுத்துக்கொண்டிருந்தது, தன்மேல் வராத ஒரு அடியை.

பையன் முகம் வாடிவிட்டது. "பட்டுடக் கூடாதுன்னுதான் மாஸ்டர்..." என்றான். அவன் நல்ல பிள்ளை. ஆனால் ஜோடிப் பயிற்சியை வீணாக்குவது பெரும்பாலும் இந்த நல்லெண்ணம்தான். இருபது வருடமாகச் சொல்லித்தருகிறேன். தடுக்கத் தெரியாமல் தேங்கியவர்களைவிட, எதிரில் ஒழுங்காக அடிக்க ஆளில்லாமல் தேங்கியவர்களையே அதிகம் பார்த்திருக்கிறேன். அதனால் இதை முக்கியமாக அடிக்கிறவருக்காக எழுதுகிறேன்.

கராத்தேயில் இந்தப் பயிற்சிக்கு யாக்குசொகு குமித்தே என்று பெயர். யாக்குசொகு என்றால் ஜப்பானிய மொழியில் வாக்கு, ஒப்பந்தம். யார் அடிப்பது, எங்கே அடிப்பது என்று முன்பே பேசிவைத்துக்கொண்டு செய்வது. ஐந்து அடி வந்தால் கோஹொன், மூன்று வந்தால் சன்பொன், ஒன்றே ஒன்று என்றால் இப்பொன். ஒகினாவாவைச் சேர்ந்த கிச்சின் ஃபுனாகோஷி 1922இல் டோக்கியோவில் கராத்தேயைச் செய்துகாட்டியபோது, அவருடைய பயிற்சிக்கு முதுகெலும்பாக இருந்தது கட்டா, அதாவது வரிசையாக வகுத்துவைத்த அசைவுகளைச் செய்து பழகுவது. அவரிடம் கற்ற ஹிரோனோரி ஓட்சுகா ஜுஜுட்சு என்ற ஜப்பானியத் தற்காப்புக் கலையில் ஊறியவர். அந்தக் கலையில் இருவர் சேர்ந்துதான் எதையும் பழகுவார்கள். கராத்தேக்குள் ஜோடிப் பயிற்சிகள் வளர்ந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. பிறகு வாடோ-ரியூ என்ற பாணியையே அவர் உருவாக்கினார்.

"ரோட்டில் எவன் மாஸ்டர் இப்படி இடுப்பில் கை வைத்து, ஒரு எட்டு எடுத்துவைத்துக் குத்துவான்?" என்று கேட்கிற பிள்ளைகள் உண்டு. கேள்வி நியாயமானதுதான். யாரும் அப்படிக் குத்த மாட்டார்கள். ஆனால் ஒரு மனிதர் உங்கள் முகத்தைக் குறிவைத்து வருகிறார், நீங்கள் கண்ணை மூடாமல் நிற்கிறீர்கள் என்பதைத் தனியாகக் கட்டா செய்து பழக முடியாது. ஃப்ரீ ஃபைட்டிலோ ஒரே நேரத்தில் பத்து விஷயம் நடக்கிறது. எதனால் அடி வாங்கினோம் என்றே புரியாது. ஜோடிப் பயிற்சியில் மற்ற எல்லாவற்றையும் கட்டிப்போட்டுவிட்டு, தூரம், நேரம் என்ற இரண்டை மட்டும் அவிழ்த்துவிடுகிறோம்.

சரி, செய்வது எப்படி? முதலில் தூரத்தை அளக்க வேண்டும். கண்ணால் அல்ல, கையால். அடிக்கிறவர் பஞ்ச் முடிந்த நிலையில், முன்முழங்காலை மடக்கி, கையை முழுதாக நீட்டி நிற்கட்டும். முஷ்டி எதிரில் இருப்பவரின் சட்டை நெஞ்சைத் தொட வேண்டும். அங்கிருந்து முன்காலைப் பின்னால் எடுத்துவைத்து, சரியாக ஒரு எட்டு விலகட்டும். அதுதான் உங்கள் இருவருக்குமான தூரம். ஜப்பானியர் இதை மா-ஐ என்பார்கள். நான் தரையில் சாக்பீஸால் இரண்டு கோடு போட்டுவிடுவேன். ஆள் மாறினால் கோடும் மாற வேண்டும். நெட்டையனுக்குப் போட்ட கோட்டில் குள்ளமானவர் நின்று குத்தினால் அது காற்றில்தான் போய் முடியும்.

அடுத்து, அடிக்கிறவர் மனதில் வைக்க வேண்டியது: அடி போகும் கோடு மாறக் கூடாது, ஆழம் மட்டும் குறையலாம். முகத்துக்கு என்றால் மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவில் குறி. புதியவர்கள் ஒரு சாண் முன்னால் நிறுத்தட்டும். பழகப் பழக நாலு விரல், அப்புறம் இரண்டு விரல். எங்கே நிறுத்தினாலும், அந்தக் கை இன்னும் நீண்டால் மூக்கின் கீழேதான் போய்ப் பட வேண்டும். பக்கவாட்டில் விலக்கிவிடுவது கருணை போலத் தெரியும். ஆனால் தடுக்கிறவர் அதில் எதையுமே தெரிந்துகொள்வதில்லை; பிளாக் சரியா தப்பா என்பது அவருக்குத் தெரியாமலே போய்விடுகிறது. நான் அன்றைக்குச் செய்ததுபோல, வாரம் ஒருமுறை தடுக்கிறவரைக் கையைத் தொங்கவிட்டு நிற்கச் சொல்லி, மெதுவான வேகத்தில் கோட்டைச் சோதித்துப் பாருங்கள்.

தடுக்கிறவர் முஷ்டியைப் பார்க்கக் கூடாது. முகத்தைப் பார்த்துக்கொண்டே, தோள்களும் பார்வைக்குள் இருக்கும்படி வைத்துக்கொள்ள வேண்டும். கை கிளம்புவதற்கு முன் தோளோ இடுப்போ அசைந்துவிடும். பின்வாங்குவது ஒரே எட்டு. பயத்தில் ஒன்றரை எட்டு போனால் அடியிலிருந்து தப்பலாம், ஆனால் உங்கள் எதிர்க்குத்து (கியாக்கு-ஸுக்கி) எட்டாது. அதையும் சோதிக்கலாம்: தடுத்து முடித்து அங்கேயே நின்று எதிர்க்குத்தை நீட்டுங்கள். எதிராளியின் மேல்வயிற்றில் சட்டையைத் தொட்டால் நின்று தடுத்திருக்கிறீர்கள். தொடவில்லை என்றால் ஓடியிருக்கிறீர்கள்.

எண்ணிக்கை விஷயத்தில் நான் பட்டதைச் சொல்ல வேண்டும். நான் கற்ற இடத்தில் "இச்சி, நி, சான்" (ஒன்று, இரண்டு, மூன்று) என்று எப்போதும் ஒரே தாளத்தில் எண்ணுவார்கள். ஆறு வருடம் அந்தத் தாளத்துக்குத் தடுத்துத் தடுத்து, என் கை எண்ணுக்குத்தான் எழும்பியது, அடிக்கு அல்ல. பிளாக் பெல்ட் தேர்வில் எதிரில் நின்ற அக்கா எண்ணுக்கு அரை நொடி தாமதித்துக் கிளம்பினார். என் கை மேலே போய், தடுக்க எதுவுமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தபோது அவருடைய முஷ்டி என் உதட்டில் இருந்தது. உள்பக்கம் கிழிந்து மூன்று நாள் கஞ்சிதான். அந்த அக்கா செய்தது முழுக்கச் சரி. தப்பு, ஆறு வருடப் பழக்கத்தில் இருந்தது.

அதனால் என் கிளாஸில் எண்ணிக்கை முதல் இரண்டு வாரம்தான். காலும் கையும் ஒழுங்குக்கு வந்ததும், "முகம்" என்றோ "நெஞ்சு" என்றோ அடிக்கிறவர் ஒருமுறை சொல்லிவிட்டு, தனக்குத் தோன்றும்போது கிளம்புவார். சில நேரம் உடனே, சில நேரம் ஐந்து மூச்சு கழித்து. அந்த ஐந்து மூச்சில்தான் தடுக்கிறவரின் தோள் விறைப்பதும், கண் சிமிட்டுவதும், மூச்சு நின்றுபோவதும் வெளியே வரும். அவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லித் திருத்தலாம். அதன் பிறகு இடம் சொல்லாமல் அடிப்பது, அதற்கும் பிறகு இருவரும் நகர்ந்துகொண்டே செய்யும் ஜியு இப்பொன். அவசரப்பட வேண்டாம். இதற்கு ஒரு வருடம்கூட ஆகலாம்.

பாதுகாப்பு பற்றிச் சுருக்கமாக: நகம் வெட்டியிருக்க வேண்டும், மோதிரம், வளையல், வாட்ச் கழற்றிவைக்க வேண்டும், முகத்துக்கு அடிக்கிற நாளில் மவுத்கார்டு கட்டாயம். யாராவது கோபமாக இருந்தால் அன்றைக்கு அவர் தனியாகக் கட்டா செய்யட்டும்.

சீனியரை ஜூனியரோடு சேர்த்துவிடும்போது அடிக்கும் வேலையைச் சீனியருக்கே கொடுங்கள். பல இடங்களில் இது தலைகீழாக நடக்கிறது. சின்னப் பிள்ளைகளை அடிக்கச் சொல்லி, பெரியவர்கள் தங்கள் பிளாக்கை மெருகேற்றிக்கொள்கிறார்கள். ஜப்பானிய வாள் கலையான கெண்டோவில் 1912இல் வகுத்த ஜோடிக் கட்டாக்கள் பத்து உண்டு. முதலில் வெட்ட வருபவர் உச்சிதாச்சி, கடைசியில் வெல்பவர் ஷிதாச்சி. இதில் உச்சிதாச்சியாக நிற்பவர் ஆசிரியர் அல்லது சீனியர். பத்திலும் தோற்பது அவர்தான். சரியான தூரத்தில், சரியான கோட்டில், எதிரில் இருப்பவர் தாங்கக்கூடிய வேகத்தைவிடக் கொஞ்சமே கூட்டி அடிப்பதற்குத் தேர்ந்த கை வேண்டும். ஜூனியரிடம் அது இருக்காது.

ஒவ்வொரு சுற்றும் முடிந்து வணங்கியபின் ஜோடிகள் ஒரு நிமிடம் பேசிக்கொள்ள விடுவேன். தடுத்தவர் ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும்: எந்த அடி தன்மேல் பட்டிருக்கும். அந்தப் பச்சை பெல்ட் பையனையும் அந்தப் பெண்ணையும் மறுபடியும் சேர்த்துவிட்டிருக்கிறேன். அவள் முன்கையில் ஒரு ரூபாய் அளவுக்குக் கன்றிப்போயிருக்கிறது. போன சனிக்கிழமை பத்து அடி முடிந்ததும் அவன் கேட்டான், "எது பட்டிருக்கும்?"

"நாலாவது. ஏழாவதும். ஏழாவது நீ கிளம்பினதே தெரியல."

மறுபடியும் கோட்டில் போய் நின்றார்கள்.