வீட்டுக்குள் விறகு அடுப்பு: பொருத்துவது முதல் சாம்பல் அள்ளுவது வரை

இங்கே சொல்லப்போவது சமையல் அடுப்பைப் பற்றி அல்ல. குளிர்காலத்தில் அறையைச் சூடாக்குவதற்காக வைக்கும், கண்ணாடிக் கதவு போட்ட இரும்பு அடுப்பைப் பற்றி. முதல் முறை வாங்குகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன், ஏனென்றால் முதல் முறை நான் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்தேன். எந்த அடுப்பு என்று தேர்ந்தெடுக்க ஒரு மாதம் எடுத்துக்கொண்டேன், புகைபோக்கியைப் பற்றி யோசிக்க அரை நாள் கூட இல்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க இரவு படுக்கப் போகும் முன் அடுப்பு நிறைய விறகை அடைத்து, காற்று வழியை மூடிவிட்டு, விறகை மிச்சம் பிடிக்கிறேன் என்ற பெருமையோடு தூங்கினேன். பருவம் முடிந்து புகைபோக்கியைச் சுத்தம் செய்ய வந்தவர், உள்ளிருந்து தார் மாதிரி பளபளத்த ஒரு கருப்புச் சில்லைப் பெயர்த்து என் கையில் கொடுத்தார். “இது எரியும் தெரியுமா?” என்று மட்டும் கேட்டார்.

அதன் பெயர் கிரியோசோட். விறகு அரைகுறையாகப் புகையும்போது எரியாத வாயுக்களும் நீராவியும் குழாய்க்குள் ஏறுகின்றன. குழாயின் உட்சுவர் சுமார் 120 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர்ந்திருந்தால் அவை அங்கேயே படிந்து கெட்டியாகிவிடும். பிறகு ஒருநாள் தீ சற்று பலமாக எரிந்தால் அந்தப் படிவு பற்றிக்கொள்ளும். புகைபோக்கிக்குள் பிடிக்கும் அந்தத் தீ 1,000 டிகிரியைத் தாண்டக்கூடும். இனி வரும் படிகளில் பாதிக்கு மேல் இந்தக் கருப்புச் சில்லு சேராமல் பார்த்துக்கொள்வதற்குத்தான்.

படி 1: பெரிய அடுப்பு வேண்டாம்

‘இருக்கட்டுமே, கொஞ்சம் பெரிதாகவே வாங்குவோம்’ என்று தோன்றும். வாங்காதீர்கள். பெரிய அடுப்பு சிறிய அறையைச் சீக்கிரமே கொதிக்க வைத்துவிடும், நீங்கள் காற்றைக் குறைப்பீர்கள், தீ புகைய ஆரம்பிக்கும், மறுபடியும் கிரியோசோட். ஓரளவு வெப்பக் காப்புள்ள அறைக்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு. அறையின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் மீட்டரில் பெருக்கி 14-ஆல் வகுத்தால் தேவையான கிலோவாட் கிடைக்கும். 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் உயரம் என்றால் 48 கன மீட்டர், அதாவது மூன்றரை கிலோவாட் போதும். இரண்டுக்கு நடுவே தடுமாறினால் சின்னதை எடுங்கள்.

அடுப்பின் பின்புறம் சோதனை விவரங்கள் அச்சிட்ட ஒரு தகடு இருக்கும். பழைய அடுப்பை வாங்கும்போது அந்தத் தகடு இல்லை என்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் நான் தொடமாட்டேன்.

படி 2: இடமும் இடைவெளியும்

முதலில் தரை. அடுப்பின் எடை 100 கிலோவுக்கு மேல் சுலபமாகப் போகும், மேலே உலோகக் குழாயின் பாரமும் சேரும். மரத்தளம் என்றால் அடியில் உத்தரம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து, தேவையானால் முட்டுக் கொடுக்க வேண்டும். அடுப்பின் கீழே கல், செங்கல், கான்கிரீட் போன்ற எரியாத பீடம் வேண்டும். கதவுக்கு முன்னால் அது 45 சென்டிமீட்டராவது நீண்டிருக்கட்டும். கதவைத் திறக்கும்போது கங்கு தெறித்து விழுவது அங்கேதான்.

அடுத்து சுவர். உங்கள் அடுப்பின் தகட்டில் பின்புறம், பக்கவாட்டு, மூலை என்று தனித்தனியே அளவு போட்டிருப்பார்கள். அதுதான் வேதவாக்கு. தகடே இல்லாத அடுப்புகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படுவது எல்லாப் பக்கமும் 91 சென்டிமீட்டர், அதாவது 3 அடி. இது ரொம்ப அதிகம் என்று தோன்றலாம். ஆனால் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் சூடு பட்ட மரம் மெல்லக் கருகி, புது மரத்தைவிடக் குறைந்த வெப்பத்திலேயே பற்றிக்கொள்ளும். போன வருடம் ஒன்றும் ஆகவில்லையே என்று நிம்மதி அடைய முடியாது. ஒவ்வொரு வருடமும் அந்த மரம் இன்னும் கொஞ்சம் தயாராகிக்கொண்டிருக்கிறது.

இடம் போதவில்லை என்றால் வெப்பத் தடுப்புத் தகடு மாட்டலாம். இதில் நிறையப் பேர் செய்யும் தவறு, மரச்சட்டச் சுவர் மேலேயே டைல்ஸ் ஒட்டிவிட்டுப் பாதுகாப்பு வந்துவிட்டதாக நினைப்பது. டைல்ஸ் எரியாதுதான், ஆனால் சூட்டை அப்படியே பின்னால் இருக்கும் மரத்துக்குக் கடத்தும். தகட்டுக்கும் சுவருக்கும் இடையே 2.5 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, கீழும் மேலும் திறந்து வையுங்கள். சூடான காற்று மேலே ஏற, கீழே குளிர்ந்த காற்று நுழையும். பாதுகாப்பது உண்மையில் அந்தக் காற்றோட்டம்தான். தகட்டை எவ்வளவு நெருக்கமாக வைக்கலாம் என்பதற்கும் அடுப்பின் கையேட்டில் கணக்கு இருக்கும்.

படுக்கையறையில் வைக்காதீர்கள். அவ்வளவுதான்.

படி 3: புகைபோக்கி

கூரையைத் துளைத்து குழாய் ஏற்றும் வேலையைப் பயிற்சி பெற்றவரிடம் விடுங்கள். பெரும்பாலான இடங்களில் உள்ளாட்சியின் கட்டட அனுமதியும் வாங்க வேண்டியிருக்கும், வீட்டுக் காப்பீடு இருந்தால் அந்த நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். ஆனால் வேலை செய்கிறவர் சரியாகச் செய்கிறாரா என்று பக்கத்தில் நின்று பார்க்க உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கவனிக்க வேண்டியவை இவை.

குழாயின் விட்டம் அடுப்பில் புகை வெளியேறும் வாயின் விட்டத்துக்குச் சமமாக இருக்கட்டும். பெரும்பாலும் அது 15 சென்டிமீட்டர். பெரிய குழாய் போட்டால் புகை வேகம் இழந்து குளிர்ந்துவிடும், சிறியது போட்டால் புகை அறைக்குத் திரும்பும். அடுப்பிலிருந்து உச்சி வரை மொத்த உயரம் நாலரை மீட்டராவது வேண்டும். கூடுமானவரை நேராக மேலே போகட்டும். வளைந்தே ஆக வேண்டும் என்றால் 90 டிகிரி எல்போ இரண்டுக்கு மேல் கூடாது. படுக்கையாக ஓடும் பகுதி மீட்டருக்கு 2 சென்டிமீட்டராவது புகைபோக்கியை நோக்கி ஏற வேண்டும்.

குழாய்த் துண்டுகளைச் செருகும் திசையில் கிட்டத்தட்ட எல்லாப் புதியவர்களும் ஏமாறுவார்கள், நானும் ஏமாந்தேன். நெளிவு வைத்த குறுகிய முனை கீழே, அடுப்பைப் பார்த்து இருக்க வேண்டும். ‘புகை மேலேதானே போகிறது, அப்போது குறுகிய முனை மேலே இருந்தால்தானே கசியாது?’ என்று தோன்றும். குழாயில் புகையை உறிஞ்சும் இழுவை இருப்பதால் அது இடுக்கு வழியாக வெளியே வராது. கீழே வழிந்து வரும் கிரியோசோட்தான் வெளியே கசியும். முனை கீழ்நோக்கி இருந்தால் அது அடுப்புக்குள்ளேயே இறங்கி எரிந்துவிடும். ஒவ்வொரு இணைப்புக்கும் மூன்று திருகாணி போடுங்கள்.

ஒற்றைச் சுவர் குழாய்க்கும் எரியக்கூடிய எந்தப் பொருளுக்கும் நடுவே 46 சென்டிமீட்டர் விட வேண்டும். ஒற்றைச் சுவர் குழாயை அறைக்குள் மட்டும்தான் பயன்படுத்தலாம். கூரை, பரண் வழியாகப் போகும் பகுதிக்கு வெப்பக் காப்பு வைத்த புகைபோக்கிக் குழாயே வேண்டும். அதைச் சுற்றியும் பெட்டியில் குறிப்பிட்ட இடைவெளி காலியாகவே இருக்கட்டும். குளிர் உள்ளே வருகிறதே என்று அந்த இடைவெளியில் வெப்பக் காப்புப் பஞ்சை அடைப்பது பெரிய ஆபத்து.

கூரைக்கு மேலே: குழாய் கூரையை விட்டு வெளிவரும் இடத்திலிருந்து 90 சென்டிமீட்டராவது உயர வேண்டும். 3 மீட்டர் தூரத்துக்குள் இருக்கும் எதையும்விட, கூரையின் உச்சியே ஆனாலும், 60 சென்டிமீட்டர் கூடுதல் உயரம் வேண்டும். இல்லாவிட்டால் காற்றடிக்கும் நாளில் புகை வீட்டுக்குள் வந்துவிடும். ஒரு புகைபோக்கிக்கு ஓர் அடுப்புதான், வேறு எதையும் அதில் இணைக்காதீர்கள்.

படி 4: இரண்டு அலாரம்

இரண்டு வகை வேண்டும்: புகை அலாரம், கார்பன் மோனாக்சைடு அலாரம். இரண்டும் வெவ்வேறு சாதனங்கள், ஒன்று இன்னொன்றின் வேலையைச் செய்யாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான ஈர்ப்போடு அதைப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் என்று காய்ச்சல் வரப்போவது போலத்தான் ஆரம்பிக்கும். அடுப்பிலிருந்து 1 முதல் 3 மீட்டர் தூரத்தில் ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம், தூங்கும் அறையில் அதே போல இன்னொன்று. அது கத்தினால் ஆராய்ச்சி செய்துகொண்டிருக்காமல் எல்லோரையும் அழைத்துக்கொண்டு வெளியே போங்கள்.

சமையலறைப் புகைவிசிறி ஓடும்போது அடுப்பைக் கவனியுங்கள். அது வீட்டின் காற்றை வெளியே இழுக்கும். வீடு இறுக்கமாக அடைபட்டிருந்தால் இழந்த காற்றை ஈடுகட்ட புகைபோக்கி வழியாகவே காற்று கீழே இறங்கும், புகையையும் சேர்த்துக்கொண்டு.

படி 5: விறகு

எனக்கு இதுதான் மிகவும் பிடித்த பகுதி. பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அதாவது 10 கிலோ பச்சை விறகை அடுப்பில் வைத்தால் சுமார் 5 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆவியாக்கிவிட்டுத்தான் மீதி சூடு உங்களுக்கு வரும். அந்த ஆவியே குழாயையும் குளிரவைக்கும். ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும். அதற்குப் பிளந்து, தரையில் படாமல், பக்கங்கள் திறந்து, தலைக்கு மேல் மட்டும் மூடி அடுக்கி வைத்தாலும் ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை ஆகும். கெட்டி மரமானால் இன்னும் பொறுமை வேண்டும். பிளக்காமல் முழுக் கட்டையாக வைத்தால் பட்டை ஈரத்தை விடவே விடாது.

ஒரு சின்ன ஈரமானி வாங்கிக்கொள்ளுங்கள். அதை வெளிப்பக்கம் குத்திப் பார்த்தால் பொய் சொல்லும். கட்டையை அப்போதுதான் பிளந்து, புது முகத்தின் நடுவில் குத்திப் பாருங்கள். கருவி இல்லையா? இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டுங்கள். காய்ந்தது ‘டங்’ என்று ஒலிக்கும், ஈரமானது ‘தொப்’ என்று விழும்.

பெயிண்ட் அடித்த மரம், பூச்சி மருந்து ஏற்றிய மரம், பிளைவுட், பிளாஸ்டிக், கடலில் ஒதுங்கிய உப்பு மரம் எதையும் போடாதீர்கள். மருந்து ஏற்றிய பழைய மரங்களில் ஆர்சனிக் கூட இருக்கும், எரித்தால் அது புகையிலும் சாம்பலிலும் தங்கும்.

படி 6: பற்றவைத்தல்

புது அடுப்பு என்றால் முதல் இரண்டு மூன்று முறை சின்னத் தீயாக மூட்டுங்கள். இரும்பின் பெயிண்ட் சூட்டில் இறுகும்போது நாற்றம் வரும், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

அப்புறம், நாம் பழகியதற்கு எதிராக மேலிருந்து கீழாகப் பற்றவைக்கும் முறையைப் பரிந்துரைக்கிறேன். அடியில் இரண்டு தடித்த விறகு, நடுவில் இடைவெளி விட்டு. அதன்மேல் குறுக்காக மெல்லிய விறகு. உச்சியில் கை நிறையச் சுள்ளி, அதற்குள் பற்றவைக்கும் கட்டி ஒன்று. காற்று வழிகளை முழுதாகத் திறந்து உச்சியில் நெருப்பு வையுங்கள். தீ மேலே இருப்பதால் குழாய் உடனே சூடாகும், கீழிருந்து எழும் வாயுக்கள் தீயைக் கடந்தே போக வேண்டியிருப்பதால் புகை குறையும். முதலில் சில நிமிடங்கள் கதவை ஒரு விரல் அளவு திறந்து வைக்கலாம், அந்த நேரம் பக்கத்தை விட்டு நகரக் கூடாது. பெட்ரோல், மண்ணெண்ணெய், ஸ்பிரிட் எதுவும் ஊற்றவே கூடாது.

புகை அறைக்குள் வந்தால் புகைபோக்கி குளிர்ந்து கிடக்கிறது என்று அர்த்தம். ஒரு செய்தித்தாளைச் சுருட்டிக் கொளுத்தி குழாய் வாய்க்கு நேரே பிடியுங்கள், இழுவை பிடித்துக்கொள்ளும்.

படி 7: எரிய விடுவது

குழாயில் ஒட்டும் காந்த வெப்பமானி ஒன்று வாங்குங்கள். அடுப்புக்கு மேலே 45 சென்டிமீட்டர் உயரத்தில் ஒட்டினால், ஒற்றைச் சுவர் குழாயில் 120 முதல் 245 டிகிரி வரை நல்ல எரிப்பு. அதற்குக் கீழே இருந்தால் காற்று போதவில்லை, அல்லது விறகு ஈரம். மேலே போனால் காற்றைக் குறையுங்கள்.

வெப்பமானி இல்லாவிட்டாலும் தீயைப் பார்த்தே சொல்லலாம். மஞ்சளாகத் துள்ளி ஆடும் தீ நல்லது. கண்ணாடி கறுக்கிறது என்றால் குழாயும் கறுக்கிறது. வெளியே போய்ப் பாருங்கள், பற்றவைத்த பதினைந்து இருபது நிமிடத்துக்குப் பிறகு உச்சியில் புகை கண்ணுக்குத் தெரியவே கூடாது. (கறுத்த கண்ணாடியை, அடுப்பு ஆறிய பிறகு, ஈரமான செய்தித்தாளில் சாம்பலைத் தொட்டுத் தேய்த்தால் போய்விடும். தனி மருந்து எதுவும் வேண்டாம்.)

மறுபடி விறகு போடும்போது காற்றை முழுதாகத் திறந்து, கதவை மெதுவாக நகர்த்தி, கங்குகளை முன்னால் இழுத்துவிட்டு, இரண்டே கட்டை வையுங்கள். அவை நன்றாகப் பற்றிய பிறகு காற்றைச் சிறிது சிறிதாகக் குறையுங்கள், ஒரேயடியாக அல்ல. இரவு முழுக்க எரிய வேண்டும் என்று அடைத்து மூடுவதை விட்டுவிடுங்கள். தீ தானாக அணையட்டும், காலையில் புதிதாக மூட்டிக்கொள்ளலாம். ஈரத் துணிகளை அடுப்புக்கு ஒரு மீட்டருக்குள் உலர்த்தாதீர்கள். குழந்தைகள் இருந்தால் சுற்றிக் கம்பித் தடுப்பு கட்டாயம்.

குழாயிலிருந்து ரயில் ஓடுவது மாதிரி இரைச்சல் கேட்டு, குழாய் அதிர்ந்தாலோ சிவந்தாலோ உள்ளே தீப்பிடித்துவிட்டது. கதவையும் எல்லாக் காற்று வழிகளையும் மூடுங்கள், வீட்டில் இருப்பவர்களை வெளியேற்றுங்கள், தீயணைப்புத் துறையை அழையுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள். தீ தானாக அடங்கிவிட்டாலும், ஒருவர் வந்து சோதித்துச் சொல்லும்வரை அடுப்பை மூட்டக் கூடாது.

படி 8: சாம்பலும் சுத்தமும்

நீறு பூத்த நெருப்பு என்று நாம் சும்மா சொல்வதில்லை. மேலே வெளுத்துக் கிடக்கும் சாம்பலுக்குள் கங்கு நாட்கணக்கில் உயிரோடு இருக்கும். இறுக்கமான மூடி போட்ட இரும்பு வாளியில் மட்டும் அள்ளுங்கள், அதை வீட்டுக்கு வெளியே, கல்லின் மேல் நான்கு நாளாவது வையுங்கள். அட்டைப் பெட்டி, பிளாஸ்டிக் வாளி, காகிதப் பை எதுவும் வேண்டாம். சாதாரண வேக்வம் கிளீனரும் வேண்டாம். எல்லாச் சாம்பலையும் அள்ளாமல் 2 சென்டிமீட்டர் அடுக்கை விட்டுவிட்டால் அடுத்த தீ சீக்கிரம் பிடிக்கும்.

கதவின் விளிம்பில் இடுக்கை அடைக்கும் கயிறு தளர்ந்துவிட்டதா என்று பார்க்க, அடுப்பு ஆறியிருக்கும்போது ஒரு காகிதத் துண்டைக் கதவில் வைத்து மூடி இழுங்கள். சுலபமாக உருவிக்கொண்டு வந்தால் கயிற்றை மாற்றும் நேரம் வந்துவிட்டது. புகைபோக்கியை வருடம் ஒரு முறையாவது தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். நடுவில் எட்டிப் பார்க்கும்போது படிவு 3 மில்லிமீட்டர் தடித்திருந்தால் வருடக் கணக்கைப் பார்க்காமல் உடனே. பளபளவென்று கண்ணாடி போல இறுகிவிட்டால் பிரஷ்ஷுக்கு அசையாது, அதற்கென்று தெரிந்தவரைத்தான் கூப்பிட வேண்டும். கோடை முழுக்கச் சும்மா இருந்த புகைபோக்கியில் பறவை கூடு கட்டியிருக்கலாம். குளிர் தொடங்கி முதல் தீக்குச்சியை உரசும் முன் உச்சி மூடியையும் வலையையும் பார்த்துவிடுங்கள்.