பயோ-பென்டால் அறுவைக்குப் பின் கவனிக்க வேண்டியவை

இதயத்திலிருந்து மகாதமனி கிளம்பும் அடிப்பகுதி வீங்கி, வால்வும் கெட்டிருந்தால் இரண்டையும் வெட்டியெடுத்துவிட்டு, வால்வு தைத்த டேக்ரான் (செயற்கை இழைத் துணி) குழாயைப் பொருத்துவார்கள். இதயத் தசைக்கே ரத்தம் தரும் கரோனரி தமனிகள் இரண்டின் வாயையும் பொத்தான்போல வட்டமாக வெட்டி அந்தக் குழாயில் தைப்பார்கள். 1968-ல் ஹியூ பென்டாலும் அந்தோணி டி போனோவும் வெளியிட்ட முறையின் இன்றைய வடிவம் இது. மாட்டின் இதய உறையிலோ பன்றியின் வால்விலோ செய்த திசு வால்வு வைத்தால் பயோ-பென்டால். ஆயுள் முழுக்க வார்ஃபரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை) வேண்டாம் என்பது இதன் லாபம். காலப்போக்கில் தேயும் என்பது நஷ்டம். 70 வயதுக்காரரைவிட 40 வயதுக்காரரிடம் சீக்கிரம் தேயும்.

வீட்டுக்குக் கிளம்பும் முன் டிஸ்சார்ஜ் சம்மரியில் வால்வின் பெயர், மி.மீ. அளவு, குழாயின் அளவு மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள். பின்னாளில் தொடை வழியாக, பழைய வால்வுக்குள்ளேயே புது வால்வு வைக்க முடியுமா என்பதில் வால்வின் மி.மீ. அளவுக்குப் பெரிய பங்கு உண்டு. 19, 21 மி.மீ. எல்லாம் இடுக்கான வாசல்.

மார்பெலும்பு கூட 6 முதல் 12 வாரம் ஆகும். அதுவரை 4–5 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. நிறைகுடம் அதைவிடக் கனம். படுக்கையிலிருந்து எழும்போது கையை ஊன்றாமல் ஒருக்களித்து எழுங்கள். எலும்பில் 'கிளிக்' சத்தமோ தையலில் நீரோ வந்தால் அன்றே சர்ஜனிடம் காட்ட வேண்டும். தினமும் காலையில் எடை பாருங்கள்: இரண்டு நாளில் 2 கிலோ ஏறினால் அது சாப்பாட்டால் அல்ல, நீர் தேங்குவதால். நாடி தாறுமாறாக ஓடினாலும் தகவல் சொல்லுங்கள்.

மூன்று மாதத்துக்குள் எடுக்கும் முதல் எக்கோவை (இதய ஸ்கேன்) பத்திரப்படுத்துங்கள். பின்னால் வரும் ஒவ்வொரு எக்கோவையும் அதனுடன்தான் ஒப்பிட வேண்டும். அதில் 'மீன் கிரேடியன்ட்' (வால்வின் இருபுறமும் உள்ள சராசரி அழுத்த வித்தியாசம்) என்ற எண், முதல் அளவைவிட 10 மி.மீ. பாதரசம் (mmHg) கூடி 20-ஐயும் தாண்டினால் காரணம் தேட வேண்டும். உடனே வால்வு போச்சு என்று அர்த்தமில்லை. ரத்தசோகையிலும் காய்ச்சலிலும் அந்த எண் ஏறும். வால்வின் இதழ்மேல் ரத்தம் உறைந்திருந்தால் சி.டி.யில் தெரியும், வார்ஃபரினில் அது பெரும்பாலும் கரையும்.

பலர் கோட்டைவிடுவது காய்ச்சலில்தான். காரணம் தெரியாமல் 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால் மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போடாதீர்கள். முதல் மாத்திரைக்கு முன்பே, மூன்று தனித்தனி ஊசிக்குத்தில் ரத்தம் எடுத்து கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) அனுப்ப வேண்டும். அரைகுறை மருந்து ரத்தத்தில் கிருமியை மறைத்துவிடும், வால்வில் ஒட்டியதை அழிக்காது. பல் பிடுங்கவும் ஈறு சுத்தம் செய்யவும் போகும்போது மருத்துவர் எழுதிக் கொடுக்கும் ஆன்டிபயாடிக்கை (பெரியவர்களுக்கு வழக்கமாக அமாக்சிசிலின் 2 கிராம்) 30–60 நிமிடம் முன்பே சாப்பிட வேண்டும். பென்சிலின் அலர்ஜி இருந்தால் வேறு மருந்து. சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக் எழுதினால் 'எனக்கு மகாதமனி நோய் உண்டு' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். இவை தமனிச் சுவரைப் பாதிக்கலாம் என்று அமெரிக்க மருந்துத் துறை 2018-ல் எச்சரித்திருக்கிறது.

பிரஷரை 130/80-க்குள் வையுங்கள். மாற்றாத மீதி மகாதமனி வீங்குகிறதா என்று அவ்வப்போது சி.டி. எடுப்பார்கள். வால்வு பிறவியிலேயே (மூன்றுக்குப் பதில்) ஈரிதழ் என்றாலோ மார்ஃபான் என்ற பரம்பரை நோய் இருந்தாலோ, உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஓர் எக்கோ எடுத்துவிடுங்கள்.