ஆண்ட்ராய்டு வேலைக்கான நேர்காணல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆண்ட்ராய்டு பொறியாளர் வேலைக்கு வருபவர்களில் பலர் அல்காரிதப் புதிர்களை நூற்றுக்கணக்கில் போட்டுப் பழகியிருக்கிறார்கள். அந்தப் பயிற்சி வேண்டியதுதான். ஆனால் திறமைசாலிகள் கோட்டைவிடுவது அடுத்த சுற்றில், கைப்பேசியைப் பற்றிப் பேச்சு வரும்போது. நேர்காணல் எடுப்பவனாக எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான்.

பயனர் ஒரு படிவத்தைப் பாதி நிரப்பிவிட்டு, இடையில் வந்த அழைப்பைப் பேசி முடித்துத் திரும்புகிறார். நிரப்பியது அப்படியே இருக்குமா? "வியூமாடலில் வைத்திருக்கிறேன், இருக்கும்" என்பார்கள். வியூமாடல் என்பது திரைக்கு வேண்டிய தரவைத் தாங்கி நிற்கும் நிரல் பகுதி. திரையைத் திருப்பினால் இருக்கும். நினைவகம் போதாமல் ஆண்ட்ராய்டு அந்தச் செயலியின் புராசஸையே, அதாவது நினைவகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் செயலியையே, நிறுத்தியிருந்தால் வியூமாடலும் சேர்ந்தே போய்விடும். சேவ்டு ஸ்டேட் ஹேண்டிலிலோ (திரையின் சிறு தரவுகளை ஆண்ட்ராய்டிடம் ஒப்படைத்து வைக்கும் வசதி) கைப்பேசியில் உள்ள தரவுத்தளத்திலோ எழுதி வைத்திருந்தால்தான் மீளும். இதை மனப்பாடம் செய்யாதீர்கள். உங்கள் செயலியைப் பின்னணிக்கு அனுப்பி, கணினியிலிருந்து கட்டளை கொடுத்து அதன் புராசஸை நிறுத்திவிட்டு, மீண்டும் திறந்து பாருங்கள். ஒருமுறை கண்ணால் கண்டவர் பேசும் விதமே வேறு.

"கோரூட்டீனில் போட்டுவிட்டேன், திரை உறையாது" என்பதும் அடிக்கடி கேட்கும் பதில். கோரூட்டீன் என்பது இடையில் நிறுத்தி, பிறகு தொடரக்கூடிய வேலை. வியூமாடல் ஸ்கோப்பில், அதாவது வியூமாடல் இருக்கும்வரை மட்டும் ஓடும்படி, தொடங்கும் கோரூட்டீன், நீங்கள் வேறு டிஸ்பேட்சரை (வேலை எந்தத் திரெட்டில் ஓட வேண்டும் என்று முடிவு செய்வது) சொல்லாதவரை, திரையை வரையும் மெயின் திரெட்டில்தான் ஓடும். பெரிய படம் ஒன்றை அங்கேயே டீகோட் செய்தால் (சுருக்கிய கோப்பிலிருந்து படமாக விரித்தால்) திரை திணறத்தான் செய்யும். நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில் ஒரு ஃபிரேமை, அதாவது ஒரு முறை திரையை, வரையக் கிடைப்பது சுமார் 16 மில்லி நொடி. தொடுதலுக்கு 5 நொடி பதில் இல்லையென்றால் செயலி முடங்கிவிட்டதாக ஆண்ட்ராய்டு கணக்கிடும்.

வடிவமைப்புச் சுற்றில் வேறொரு சறுக்கல். செய்திகளைப் பட்டியலிடும் செயலியை வடிவமைக்கச் சொன்னால் சர்வர்களை வரையத் தொடங்கிவிடுகிறார்கள். கேள்வி கைப்பேசிப் பக்கத்தைப் பற்றியது. ஒரு தடவைக்கு எத்தனை செய்திகளை இறக்குவது? சிக்னல் இல்லாதபோது எதைக் காட்டுவது? அந்த நேரத்தில் பயனர் விருப்பக் குறியை அழுத்தினால் அதை எங்கே சேமித்து, எப்போது அனுப்புவது? பின்னணி வேலைகளை ஏற்ற நேரத்தில் செய்து முடிக்கும் ஒர்க் மேனேஜர் போன்றவை இங்கேதான் பேச்சில் வர வேண்டும்.

சுயவிவரத்தில் குழு செய்ததையெல்லாம் தன் வேலையாக எழுதுவது இரண்டாவது கேள்வியிலேயே வெளிப்பட்டுவிடும். செய்யாததை எழுதாதீர்கள்.

கடைசியில் "உங்களுக்குக் கேள்வி உண்டா?" என்றால் தலையசைத்து எழுந்துவிடாதீர்கள். எவ்வளவு பழைய ஆண்ட்ராய்டு பதிப்பு வரை செயலி இயங்க வேண்டும், புதிய வெளியீட்டில் பிழை வந்தால் எப்படி நிறுத்துகிறீர்கள் என்று கேளுங்கள். நீங்கள் தினமும் சமாளிக்கப்போவது அவற்றைத்தான்.