பரணில் கிடந்த பழைய கணினியை எழுப்புவது எப்படி? மலைநாட்டு வீடுகளுக்கான செய்முறை விளக்கம்

தொண்ணூறுகளில் நீலகிரியின் தேயிலைத் தொழிற்சாலை அலுவலகங்களுக்கும், பள்ளிகளுக்கும், தட்டச்சுப் பயிலகங்களுக்கும், சில வீடுகளுக்கும் வந்து சேர்ந்த கணினிகளில் பல இன்னும் பரணிலும் சாமான் அறையிலும் கிடக்கின்றன. பச்சைத் தேயிலைக் கணக்கும், ஊர்ச் சங்கத் தீர்மானங்களும், இன்று நம்மிடையே இல்லாத பெரியவர்கள் தட்டச்சு செய்து வைத்த கடிதங்களும் அவற்றுக்குள் இருக்கக்கூடும். மின்சாரம் கொடுத்தும் திரை தெளியவில்லை என்பதற்காக இப்பெட்டிகள் எடைக்குப் போடப்படுகின்றன. உள்ளே இருக்கும் தகவல் அழிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஈரமும், களிம்பும், இயந்திரம் தன் அமைப்பை மறந்துவிட்டதும் சேர்ந்து அதைச் செத்ததைப் போலக் காட்டுகின்றன. செயலிச் சிப்பின் பெயரால் 286, 386, 486 என்று அழைக்கப்படும் கணினிகளையும் தொடக்ககாலப் பென்டியம் கணினிகளையும் முதன்முறையாகத் தொடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நமது நோக்கம் கணினியை மீண்டும் பயன்பாட்டுக்குக் கொண்டுவருவதன்று, அதிலுள்ளவற்றைச் சேதமின்றி வெளியே எடுப்பதே.

படி 1: உலர விடுங்கள்

நம் மலையில் எல்லாவற்றுக்கும் முந்திய படி இதுதான். கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழையும், குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழையும் ஓங்கிப் பெய்யும். இரண்டுக்கும் இடையிலும் மூடுபனி வீட்டுக்குள் நுழையத் தவறுவதில்லை. குளிர்ந்த சாமான் அறையிலிருந்து கணினியைத் தூக்கிவந்து, கணப்பு மூட்டிய அறையில் வைத்த உடனே மின்சாரம் கொடுப்பது மிகவும் தவறு. வெளிக்குளிரிலிருந்து சூடான அறைக்குள் நுழைந்ததும் மூக்குக்கண்ணாடி மங்குவதைப் போல, அதன் உலோகப் பகுதிகள் எல்லாவற்றிலும் ஈரம் படியும். தகவல் பதியப்படும் வட்டான ஹார்ட் டிஸ்க்கின் மூடியில் காற்றழுத்தத்தைச் சமன்செய்வதற்கென்று வடிகட்டி பொருத்திய ஒரு சிறு துளை உண்டு. அதன் வழியே ஈரக்காற்று உள்ளேயும் போயிருக்கும்.

ஆகவே பெட்டியின் மூடியைக் கழற்றி, வெயில் நேரடியாகப் படாத, காற்றோட்டமுள்ள அறையில் குறைந்தது ஒரு வாரம் வையுங்கள். மழைக்காலமாக இருந்தால் ஒரு மர அலமாரிக்குள் வைத்து, குண்டு பல்பு ஒன்றைப் பெட்டியிலிருந்து தள்ளி, துணியோ தாளோ அருகில் இல்லாதவாறு எரியவிடலாம். கேமரா லென்சுகளைப் பூசணத்திலிருந்து காக்க மலையில் பலரும் கையாளும் முறைதான் இது. சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் நன்கு உதவும். அரிசியில் புதைத்து வைப்பதை நான் ஏற்பதில்லை. ஈரத்தைவிட அரிசித் தூள்தான் உள்ளே அதிகமாகச் சேரும்.

உயரத்தைப் பற்றிச் சிலர் அஞ்சுவதுண்டு. ஹார்ட் டிஸ்க்கின் தலை சுழலும் தட்டுக்கு மேல் ஒரு மெல்லிய காற்றுப் படலத்தில் மிதப்பதால், காற்று மிகவும் அடர்த்தி குறைந்த இடத்தில் அது தட்டில் உராயும் வாய்ப்பு உண்டு என்பது உண்மையே. ஆனால் வட்டுகளுக்குப் பொதுவாகக் குறிப்பிடப்படும் இயக்க எல்லை சுமார் 3,000 மீட்டர். உதகையோ ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. நமக்குப் பகை உயரமன்று, ஈரம்.

படி 2: பேட்டரியைத் தேடுங்கள்

மூடி திறந்திருக்கும்போதே முதன்மைப் பலகையான மதர்போர்டை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். 386, 486 காலப் பலகைகள் பலவற்றில் நீலநிற அல்லது பச்சைநிறச் சிறு உருளை ஒன்று பற்றவைக்கப்பட்டிருக்கும். அதுவே 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரி. ஆண்டுகள் கடந்தபின் அது கசியும். கசிந்த காரம் செம்புத் தடங்களை அரித்து, பச்சையும் வெள்ளையுமாகக் களிம்பு பூக்கச் செய்யும். பழைய பலகைகளைக் கொல்வதில் இதற்கு இணையான வேறொன்றில்லை. எனவே, கணினி இயங்கினாலும் இயங்காவிட்டாலும் இந்தப் பேட்டரியை வெட்டி எடுத்துவிட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

கையுறை அணிந்துகொண்டு, சிறிய வெட்டுக் குறடால் அதன் இரு கால்களையும் ஒவ்வொன்றாக நறுக்குங்கள். களிம்பு படிந்த இடத்தை வெள்ளை வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ நனைத்த பஞ்சுக் குச்சியால் ஒற்றினால், காரம் அமிலத்தோடு சேர்ந்து செயலிழக்கும். பிறகு காய்ச்சி வடித்த நீராலும், அதன்பின் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலாலும் துடைத்து, மீண்டும் நன்றாக உலரவிட வேண்டும். காட்மியம் நச்சுப்பொருள் என்பதால் எடுத்த பேட்டரியைக் குப்பையில் போடாமல் மின்கழிவு வாங்குகிற இடத்தில் கொடுங்கள். அந்த இடத்தில் நாணய வடிவ லித்தியம் பேட்டரியை நேரடியாகப் பற்றவைக்கவே கூடாது. பழைய பலகை அதற்கு மின்னேற்றம் செய்ய முயலும்; மின்னேற்றக்கூடாத லித்தியம் பேட்டரி அதனால் வெடிக்கவும் கூடும். பிற்காலப் பலகைகளில் பிடிப்பானில் செருகியிருக்கும் சிஆர் 2032 பேட்டரியாக இருந்தால் கவலை இல்லை. புதியது வாங்கி மாற்றிவிடலாம்.

படி 3: மின்சாரம்

பவர் சப்ளையின் பின்புறம் சிவப்பு நிறத்தில் ஒரு சிறு மாற்றி இருந்தால், அது 230 என்ற பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கணினி என்றால் 115இல் இருக்கலாம். அந்த நிலையில் நம் மின்சாரத்தைக் கொடுத்தால் பவர் சப்ளை அந்த நொடியே கெடும்.

பவர் சப்ளையையும், பழைய குழாய்த் திரையையும் தொடக்கநிலையாளர்கள் திறக்கவே கூடாது. திரைக் குழாயில் இருபதாயிரம் வோல்ட்டுக்கும் மேற்பட்ட அழுத்தம் இயங்கும். இணைப்பைப் பிடுங்கிய பின்னரும் அதில் மின்னேற்றம் தங்கியிருக்கக்கூடும். பழைய பவர் சப்ளைகள் சிலவற்றில் உள்ள தாள் வகைக் கெப்பாசிட்டர்கள் ஈரத்தை உறிஞ்சி வெடிப்பு விட்டிருக்கும். மின்சாரம் வந்த சில நிமிடங்களில் அவை கெட்ட நாற்றத்தோடு புகையைக் கக்கும். ஆகவே முடிந்தால் அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரிடம் பவர் சப்ளையை மட்டும் கொடுத்துப் பார்த்து வாங்குங்கள்.

ஏப்ரல், மே மாதங்களின் இடிமழை நேரத்தில் இந்த வேலையில் இறங்காதீர்கள். பருவமழையில் மரம் விழுந்து மின்கம்பி அறுவது நம்மிடம் வாடிக்கை என்பதால், நகலெடுக்கும் நாளில் யுபிஎஸ் ஒன்றை இரவல் வாங்கியாவது இணைத்துக்கொள்வது நல்லது. எர்த் இல்லாத பிளக் பாயின்ட் வேண்டாம்.

படி 4: முதல் இயக்கம்

ஹார்ட் டிஸ்க்குக்குச் செல்லும் மின்கம்பியைக் கழற்றிவிட்டு முதல்முறை இயக்குங்கள். பவர் சப்ளை பழுதாக இருந்தாலும் தகவல் தப்பும். பலகைக்குச் செல்லும் இரண்டு மின் இணைப்பிகளையும் யாராவது முன்னர் கழற்றி மாட்டியிருந்தால், அவற்றின் கறுப்புக் கம்பிகள் நடுவில் ஒன்றையொன்று ஒட்டி இருக்கின்றனவா என்று உறுதிசெய்யுங்கள். மாறி மாட்டியிருந்தால் பலகை கருகிவிடும். கையைச் சுவிட்சிலேயே வைத்துக்கொண்டு இயக்கி, புகையோ கருகல் வாசனையோ வந்தால் உடனே நிறுத்துங்கள்.

ஒரே ஒரு குறுகிய பீப் ஒலி கேட்டால் பொதுவாக நல்ல செய்தி. திரை இருண்டிருக்க, பல ஒலிகள் கேட்டால் எண்ணிப் பாருங்கள். கணினியைத் தொடக்கிவைக்கும் நிரலுக்குப் பயாஸ் என்று பெயர். ஏஎம்ஐ நிறுவனத்தின் பயாஸ் உள்ள கணினிகளில் மூன்று ஒலிகள் நினைவகக் கோளாற்றையும், எட்டு ஒலிகள் திரை அட்டையின் நினைவகத்தையும் குறிக்கும். அவார்டு பயாஸில் ஒரு நீண்ட ஒலியும் இரண்டு குறுகிய ஒலிகளும் திரை அட்டையைச் சுட்டும். எந்த பயாஸ் என்பது பலகையிலுள்ள சிப்பின் மேல் ஒட்டிய தாளில் எழுதியிருக்கும்.

இந்த ஒலிகளைக் கேட்டவுடன் அட்டை கெட்டுவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். ஈரநாட்டில் தொடுமுனைகளில் மெல்லிய படலம் படிந்து மின்தொடர்பு அறுவதே பெரும்பாலும் காரணமாக இருக்கும். மின்சாரத்தைத் துண்டித்து, நினைவகத் தகடுகளையும் அட்டைகளையும் கழற்றி, தொடுமுனைகளை ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து, அழுத்தமாகத் திரும்பச் செருகுங்கள். அழிப்பானால் தேய்ப்பது பரவலான பழக்கம். ஆனால் அது தங்கப்பூச்சையும் சேர்த்துத் தேய்ப்பதால், ஆல்கஹாலால் போகாத கறைக்கு மட்டும் மென்மையாகப் பயன்படுத்தலாம்.

படி 5: மறந்துபோன அமைப்பு

பலரும் மனம் தளர்வது இந்த இடத்தில்தான். தேதியையும் அமைப்பையும் நினைவில் வைத்திருக்க உதவியது அந்தப் பேட்டரிதான். அது இல்லாத கணினி தன் தேதியை 1980 என்று காட்டும். செக்சம் எரர் என்றோ, ஹார்ட் டிஸ்க் ஃபெயிலியர் என்றோ அறிவிக்கும். இதைப் படித்ததும் வட்டு போய்விட்டது என்று நம்பிவிடுகிறார்கள். உண்மையில் கணினிக்குத் தன்னிடம் எந்த வட்டு இருக்கிறது என்பதே மறந்திருக்கிறது, அவ்வளவுதான்.

மின்சாரத்தை நிறுத்தி, வட்டின் மேல் ஒட்டியுள்ள தாளைப் பாருங்கள். சிலிண்டர், ஹெட், செக்டார் என்று மூன்று எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். இல்லையென்றால் மாடல் எண்ணைக் கொண்டு இணையத்தில் தேடலாம். எடுத்துக்காட்டாக 1001 சிலிண்டர், 15 ஹெட், 17 செக்டார் என்றிருந்தால், மூன்றையும் பெருக்கி 512 பைட்டால் மறுபடி பெருக்க 13,06,90,560 பைட் வரும். அது 130 எம்பி வட்டு. இப்போது வட்டுக்கு மின்கம்பியை மாட்டி, கணினி தொடங்கும்போது டெலீட் விசையையோ எஃப்1 விசையையோ அழுத்தி அமைப்புத் திரைக்குள் செல்லுங்கள். வட்டின் வகையாக 47ஐத் தேர்ந்து அந்த எண்களை உள்ளிடுங்கள். தானே கண்டறியும் வசதி இருந்தால் அதையே பயன்படுத்தலாம். ஃப்ளாப்பி எனும் கழற்றி எடுக்கும் சிறு வட்டுகளைப் படிக்கும் டிரைவின் வகையையும், அதாவது ஐந்தேகால் அங்குலமா மூன்றரை அங்குலமா என்பதையும், தெரிவிக்க மறக்காதீர்கள்.

எண்கள் தவறாக இருந்தால் கோப்புப் பட்டியல் குப்பையாகத் தெரியலாம். அப்போது ஸ்கேன்டிஸ்க் போன்ற வட்டுப் பிழை திருத்தும் நிரல் எதையும் ஓட்டக்கூடாது. இல்லாத பிழையைத் திருத்தப் போய் இருக்கும் கோப்புகளை அது சிதைக்கும். அமைப்புத் திரைக்குத் திரும்பி எண்களைச் சரிபாருங்கள்.

படி 6: திரையில் வரும் செய்திகள்

"நான்-சிஸ்டம் டிஸ்க்" (Non-System disk) என்று வந்தால், முதலில் ஃப்ளாப்பி டிரைவில் ஏதாவது மாட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். அபார்ட், ரீட்ரை, ஃபெயில் என்று கேட்டால் ஆர் விசையைச் சிலமுறை அழுத்திப் பாருங்கள். பழைய வட்டுகள் சில நேரங்களில் அடுத்த முயற்சியில் படிக்கும். ஃப்ளாப்பி டிரைவின் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் அதன் பட்டைக் கம்பி தலைகீழாக மாட்டப்பட்டிருக்கிறது. எந்தச் செய்தி வந்தாலும் ஃபார்மேட் என்ற கட்டளையின் பக்கம் போகாதீர்கள்.

படி 7: ஃப்ளாப்பிகள்

டிரைவில் செருகும் முன் ஒவ்வொரு ஃப்ளாப்பியையும் வெளிச்சத்தில் பாருங்கள். மூன்றரை அங்குல ஃப்ளாப்பியின் உலோகத் தகட்டை நகர்த்தி, பின்புற மையத்தை மெல்லச் சுழற்றினால் உள்ளிருக்கும் படலம் தெரியும். சாம்பல் நிறப் புள்ளிகளோ வெண்படலமோ இருந்தால் அது பூசணம். அதைச் செருகினால் டிரைவின் தலையில் அப்பிக்கொண்டு, அடுத்து வரும் நல்ல ஃப்ளாப்பிகளையும் கீறிவிடும். பூசணம் பிடித்தவற்றைத் தனியே ஒதுக்கி, நல்லவை அனைத்தையும் நகலெடுத்த பின்னரே அவற்றைத் தொட வேண்டும்.

எழுதுவதைத் தடுப்பதும் முக்கியம். மூன்றரை அங்குலத்தில் மூலைத் துளை திறந்திருக்க வேண்டும். ஐந்தேகால் அங்குலத்திலோ அதற்கு எதிராக, பக்கவாட்டு வெட்டை ஒட்டுத்தாளால் மூட வேண்டும். மூன்றரை அங்குல ஃப்ளாப்பிகளை யூஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவைக் கொண்டு இன்றைய மடிக்கணினியிலேயே படிக்கலாம். ஐந்தேகால் அங்குலத்துக்குப் பழைய டிரைவே வேண்டும்.

படி 8: வெளியே எடுத்தல்

கடிதங்களும் கணக்குகளும் சிறிய கோப்புகள் என்பதால், 1.44 எம்பி ஃப்ளாப்பிகளிலேயே நகலெடுத்து மடிக்கணினிக்கு மாற்றிவிடலாம். வட்டு முழுவதும் வேண்டுமென்றால், அதைக் கழற்றி, பழைய வட்டுகளுக்கான ஐடிஇ இணைப்பும் யூஎஸ்பி துளையும் சேர்ந்தே உள்ள 2000களின் கணினி ஒன்றில் மாட்டி, லினக்ஸ் சிடியிலிருந்து தொடங்கி, டிடிரெஸ்கியூ என்ற கருவியால் முழு நகல் எடுப்பதே சிறந்த வழி. கடைகளில் கிடைக்கும் யூஎஸ்பி அடாப்டர்கள் பல, செக்டார்களை ஒரே வரிசை எண்ணால் குறிக்கும் எல்பிஏ முறைக்கு முந்திய சிறிய வட்டுகளை அடையாளம் காண்பதில்லை. அதைக் கண்டு வட்டு கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம்.

படி 9: தமிழ்க் கோப்புகள்

எல்லா மொழிகளுக்குமான பொதுக் குறியீடான யூனிகோடில் தமிழுக்கு 1991இலேயே இடம் கிடைத்துவிட்டாலும், மைக்ரோசாஃப்ட் விண்டோஸில் தமிழுக்கு ஆதரவு விண்டோஸ் 2000இல்தான் வந்தது. அதற்கு முன் எழுதிய தமிழ்க் கோப்பு ஒவ்வொன்றும் ஏதோ ஓர் எழுத்துருவின் தனிக் குறியீட்டில் இருக்கும். 1999இல் தமிழக அரசு டாம், டாப் என்ற இரண்டு குறியீடுகளைத் தரமாக்கிய பின்னரும், டிஸ்கி, பாமினி எனப் பலவும் புழக்கத்தில் இருந்தன. அக்கோப்பை இன்றைய கணினியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே தெரியும். கெட்டுப்போன கோப்பு என்று அதை அழித்துவிடாதீர்கள்.

ஆவணங்களை நகலெடுக்கும்போதே எழுத்துருக்களையும் எடுத்துவிடுங்கள். விண்டோஸ் 95இல் அவை விண்டோஸ் கோப்புறைக்குள் ஃபான்ட்ஸ் என்ற இடத்திலும், விண்டோஸ் 3.1இல் சிஸ்டம் என்ற இடத்திலும் இருக்கும். எழுத்துரு கையிலிருந்தால் கோப்பை அப்படியே படிக்கலாம். எந்தக் குறியீடு என்று தெரிந்தால், என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றியின் உதவியால் யூனிகோடுக்குக் கொண்டுவரலாம். பழைய கணினி இயங்கும் நிலையில் இருக்கும்போதே ஓர் ஆவணத்தின் முதல் பக்கத்தை அதன் திரையில் திறந்து, கைபேசியில் படம்பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிய பின் கொம்பும் காலும் ஒற்றும் சரியான இடத்தில் விழுந்திருக்கின்றனவா என்று அந்தப் படத்தோடு வரிவரியாக ஒப்பிடலாம். ஒப்பிட்டு முடித்தாலும் மூலக் கோப்பையும் எழுத்துருவையும் மாற்றிய பிரதியோடு ஒரே கோப்புறையில் வைத்து, அந்தக் கோப்புறையை இரண்டு தனித்தனி இடங்களில் சேமியுங்கள்.